ஜெபத்தில் இருக்கும்போது வாசலில் ஆள் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

தோட்டப்பாளையம் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பல மாதங்களாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை. மூன்று வாரங்களாக ஒரு காரியம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எங்கள் ஆயர் நல்ல மனிதர், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். எனக்கு முதலில் யாராவது முழுவதும் கேட்க வேண்டும்.

வயது 47. ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் 19 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். போன அக்டோபரில் என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "வா." தண்ணீர் வேண்டுமென்றாலும் "வா", வலித்தாலும் "வா", கோபம் வந்தாலும் "வா". என் கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வருவார். மகன் சென்னையில் படிக்கிறான். ஆகவே நான் வேலையை விட்டுவிட்டு வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கும் அத்தையின் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் செருகி வைத்தேன். வேலை போய், ஊர் போய், பிள்ளைகளின் சத்தம் போய், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதே நாளாகிப் போனவளுக்கு அந்த வசனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு தேவன் எனக்கென்று வைத்திருக்கும் ஊழியம் எதுவோ அது வெளிப்படும் என்று உறுதியாக நம்பினேன்.

அதனால் விடியற்காலை 5.30 முதல் 6.30 வரை யாருக்கும் கொடுக்காத நேரமாக வைத்தேன். அத்தை நன்றாகத் தூங்கும் நேரமும் அதுதான். முன்னறையில் முழங்காலில் நின்று தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, உம்முடைய சித்தத்துக்கு என்னைத் திறந்து வைக்கிறேன். எங்கே அனுப்பினாலும் போகிறேன்."

மே மாதம், அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு காலை. ஆறு மணி இருக்கும். இந்த ஜெபத்தின் நடுவில்தான் வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். விட்டுவிட்டேன். மறுபடி தட்டினார்கள். எரிச்சலோடு எழுந்து போனேன்.

ஒரு நடுத்தர வயது ஆண், பக்கத்தில் அவர் மனைவி. காட்பாடியில் ரயிலிறங்கி வந்தவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அந்த முகங்கள் பழக்கம்: இரண்டு நாள் ரயிலில் உறங்காத முகம். அந்த அம்மாவின் ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கையில் எக்ஸ்ரே உறை, ஓரமெல்லாம் டேப் ஒட்டி ஒட்டிக் கெட்டியாகிப் போன பழுப்பு உறை. அவர், "ரூம், தீதி, ரூம்" என்றார். தீதி என்றால் வங்காளத்தில் அக்கா என்று பொருளாம், பிறகு மருந்துக்கடைப் பையன் சொன்னான்.

மாடியில் மகனுடைய அறை காலியாகத்தான் இருந்தது. "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டினேன். அப்போது உள்ளேயிருந்து அத்தை, "வா... வா..." என்றார். விழித்துவிட்டாரே என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கேட்டைச் சாத்திவிட்டு ஓடினேன். தண்ணீர் கொடுத்தேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவரைச் சரியாகப் படுக்க வைத்துவிட்டு மறுபடி முழங்காலில் நின்றேன். விட்ட இடத்திலிருந்து ஜெபித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து!

மாலையில் மருந்து வாங்கப் போனபோது காந்தி ரோட்டோரம் அதே அம்மா மூடிய கடையின் படியில் சுருண்டு படுத்திருந்தார். அவர் கணவர் அந்த எக்ஸ்ரே உறையாலேயே அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர்கள் என்னைப் பார்ப்பதற்குள் நான் சாலையின் மறுபக்கம் போய்விட்டேன். "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்" என்று நல்ல சமாரியன் கதையை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தேன், அவர்கள் இல்லை.

தேவனுடைய நோக்கத்துக்குத் திறந்திருப்பது என்றால் என்ன என்பதுதான் என் கேள்வி. வாசலில் நிற்பது அழைப்பா தொந்தரவா என்பது அந்த நிமிடத்தில் எப்படித் தெரியும்? தட்டுகிறவர்களுக்கெல்லாம் திறந்தால் அத்தையை யார் பார்ப்பது? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

குடியாத்தம் தறி எழுதியது:

அக்கா, ஸ்தோத்திரம். உங்கள் அட்டையில் இருக்கும் வசனத்துக்கு மேலே கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அவர்களும் உங்களைப் போலத்தான், "எப்போது திரும்புவோம், எங்களைக் குறித்த நோக்கம் என்ன" என்று காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளும் அங்கே இருந்தார்கள். கர்த்தரோ எழுபது வருஷம் என்கிறார், பத்தாம் வசனத்தில். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அதுவரை என்ன செய்வது? ஐந்தாம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." ஏழாம் வசனம்: அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். அவர்கள் விரும்பிப் போன பட்டணம் இல்லை அது. அட்டை அச்சடிக்கிறவர்கள் பதினொன்றாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஐந்தையும் ஏழையும் விட்டுவிட்டால் அது வெறுமனே காத்திருக்கச் சொல்லும் வசனமாகிவிடுகிறது.

இன்னொன்று, எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வாரம் ஒரு நாள் வேலூரிலிருந்து குடியாத்தம் மருந்தகத்துக்கு வருவார். அவர் போக நினைத்த இடம் குடியாத்தம். ஆனால் அவர் வரும் நாள் தெரிந்து வழிநெடுகக் கிராமத்து மக்கள் சாலையோரம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கண்வலிக் குழந்தைகள், புண்ணோடு வந்தவர்கள், தொழுநோயாளிகள். வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அந்த நிறுத்தங்களே சாலையோர மருந்தகங்களாகி, மரத்தடியில் மேசை போட்டு மருந்து கொடுக்கும் வேலையாக வளர்ந்தன. குடியாத்தத்துக்கு நேரத்தில் போய்ச் சேருவதுதான் முக்கியம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அந்த வேலை பிறந்தே இருக்காது. என் தாத்தா அந்த மரத்தடிகளில் ஒன்றைக் காட்டியிருக்கிறார். சாலையை அகலப்படுத்தியபோது மரம் போய்விட்டது.

---

ராணிப்பேட்டை ஓய்வூதியர் எழுதியது:

மகளே, உன் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். நான் ஒரு மருத்துவமனையில் புனர்வாழ்வுப் பிரிவில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பக்கவாதத்தில் விழுந்தவர்களைத் தூக்கி உட்கார வைப்பதுதான் பல ஆண்டுகள் என் வேலை. ஆகவே முதலில் உன் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன், அதற்குப் பிறகு மற்றது.

பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. வலது உடம்பை ஆள்வதும் இடப்பக்க மூளைதான். அதனால்தான் வலப்பக்கம் விழுந்த பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. ஒரே சொல் மிச்சமிருப்பதும் நான் பலரிடம் பார்த்ததுதான். சொல் ஒன்றானாலும் அவர்கள் சொல்ல நினைப்பது ஒன்றல்ல. குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேள், கண் எங்கே போகிறது என்று பார். பேச முடியாதவர்களுக்குப் புரியவும் இல்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள், அது பெரிய கொடுமை. இன்னொன்றும் செய்து பார்: அவருக்குச் சிறு வயதிலிருந்து மனப்பாடமான கீர்த்தனை ஒன்றை மெதுவாகப் பாடு. பேச்சு வராதவர்களில் சிலருக்குப் பாட்டில் சொற்கள் வரும். எல்லாருக்கும் வரும் என்று சொல்லமாட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களிடமும் ஒரு முறை காட்டு.

அன்று காலை அவர் "வா" என்றது உன்னையா? நீ தண்ணீர் கொடுத்தபோது வாயை மூடிக்கொண்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர்தான் ஐடா ஸ்கடர். அவர் மருத்துவம் படிப்பதற்கு முன், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டிய கதை உனக்கும் தெரியும். பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக மூன்று கணவர்கள் வந்தார்கள், ஆண் மருத்துவரான ஐடாவின் தகப்பனாரை அழைத்துப்போக யாரும் ஒப்பவில்லை, மூன்று பெண்களும் இறந்தார்கள். இதைச் சொல்கிற எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்றிரவு ஐடாவால் ஒருவருக்கும் உதவ முடியவில்லை. மூன்று பேரையும் வெறுங்கையோடுதான் அனுப்பினார். அவர் படித்து முடித்தது 1899-இல், வேலூருக்கு வந்தது 1900-இல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918-இல். திறக்க முடியாமல் போன அந்தக் கதவுதான் அவரை அங்கே கொண்டுபோயிற்று. உன்னுடையதும் அவருடையதும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அவரால் முடியவில்லை, நீ மறுத்துவிட்டாய். ஆனாலும் அந்தக் காலை உன்னை மூன்று வாரமாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறதே, அதைப் பாவ உணர்ச்சி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாதே.

வேலூரில் பணி செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவையும் நினைத்துக்கொள். 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். பெண்களுக்கான மருத்துவம் செய்ய வேண்டும் என்று இருந்தவர். அந்தத் திட்டம் முடிந்தது. டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செய்தார். அதன் பிறகு வெளிநாடு போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவருக்கு என்ன நோக்கம் என்று விபத்துக்கு மறுநாள் யாராவது சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்கமாட்டார். கையில் எது மிச்சமோ அதைக் கொண்டு ஒரு நாளைத் தொடங்கினார்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். ஆண்டவர் அவசரமாகப் போகிறார். கூட்டத்தில் நோயாளியான ஒருத்தி பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யவீருவின் வயிறு எப்படி எரிந்திருக்கும்! அந்த நிறுத்தத்துக்கு நேரம் இருந்தது என்பதுதான் நான் இத்தனை வயதில் கற்றுக்கொண்டது.

---

ஆற்காடு வீட்டம்மா எழுதியது:

மேலே எழுதிய பெரியவரை நான் மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதில் ஒரு கவலை இருக்கிறது. என் அப்பா ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். அந்த ஆறு ஆண்டுகளில் சபையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஊழியம் கேட்டார்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கு வா, அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் செய், வீடு சந்திப்புக்கு வா. மறுத்தால் "தேவனுடைய அழைப்பை அலட்சியம் செய்யாதே" என்பார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் சம்மதித்து ஒரு நாள் அப்பாவின் முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு. அதை ஆற வைக்க நான்கு மாதம் ஆயிற்று. அன்று யாருடைய அழைப்பை நான் அலட்சியம் செய்தேன்?

சகோதரி, அதே மாற்கு சுவிசேஷத்தில் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம் செய்கிறார். உங்கள் நேரம்தான். சீமோன் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். தேடியவர்களில் நோயாளிகளும் இருந்திருப்பார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தட்டுகிற ஒவ்வொரு கையும் அழைப்பு அல்ல.

உங்கள் வீட்டில் பகலில் நீங்களும் படுக்கையில் ஒருவரும் மட்டும் இருக்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரை மாடியில் தங்க வைக்க நீங்கள் கடமைப்படவில்லை. வாடகைக்கு விடுவதென்றால் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, உங்கள் கணவர் இருக்கும் நாளில் பேசுங்கள். தேவன் உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்த வேலை கட்டிலில் படுத்திருக்கிறது. அதை ஊழியம் என்று நீங்களே இன்னும் எண்ணவில்லை என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. எனக்கு வலித்தது அதுதான்.

---

ராணிப்பேட்டை ஓய்வூதியர் எழுதியது:

ஆற்காடு அம்மா சொல்வது சரி. முதல் அதிகாரத்தை நான் இப்படி வைத்துப் பார்த்ததில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் நின்றவர் முதல் அதிகாரத்தில் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும், நானும் யோசிக்கிறேன். ஆனால் அறை கொடுக்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியும், அம்மா.

---

தோட்டப்பாளையம் மருமகள் எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஆற்காடு அக்கா, உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். உண்மைதான். அத்தையைப் பார்த்துக்கொள்வதை முடித்துவிட்டுத்தான் தேவன் எனக்கு வேலை கொடுப்பார் என்று இருந்தேன். காலை ஜெபத்தை இப்போது முன்னறையில் செய்வதில்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். விழித்தால் விழிக்கட்டும். குடியாத்தம் தம்பி சொன்னபடி அந்த அட்டையின் பின்பக்கம் ஐந்தாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் எழுதிவிட்டேன். தோட்டம் என்று நாட்ட இடமில்லை, சாடியில் இரண்டு கத்தரி நாற்று வைத்திருக்கிறேன். அத்தைக்கு இலவம்பாடி முள்கத்தரிக்காயைச் சுட்டு மசித்துக் கொடுத்தால் மட்டும் முகம் மலரும்.

ராணிப்பேட்டை ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியை நான் தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை. அத்தை கட்டிலிலிருந்து எங்கே பார்ப்பார் என்று கவனித்தேன். ஜன்னலைத்தான் பார்க்கிறார். அந்த ஜன்னலில் படுத்தபடியே வாசல் கேட் தெரிகிறது. அன்று நான் அவரைத் தொந்தரவு என்று நினைத்து ஓடிவந்தபோது அவர் கண் என்மேல் இல்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: அத்தை நன்றாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததே இல்லையாம். ரயிலிறங்கி வருகிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்த லாட்ஜில் வாடகை குறைவு, எந்தக் கவுன்ட்டரில் முதலில் சீட்டு போட வேண்டும் என்று சொல்லி அனுப்புவாராம். அறை கொடுத்ததில்லை, திண்ணைதான். இத்தனை ஆண்டுகளாக மருமகளாக இருக்கிறேன், பண்டிகைக்கு வந்து பண்டிகைக்குப் போய்க்கொண்டிருந்ததால் எனக்கு இது தெரியாது. "அந்த வங்காளத்துக்காரருக்கு வேறு யாராவது உங்கள் வீட்டைக் காட்டியிருப்பார்கள்" என்றார் பெரியம்மா. "உன் அத்தை படுக்கையில் விழுந்துவிட்டார் என்று யாருக்கும் தெரியாதே."

திண்ணையில் நான் போட்டு வைத்திருந்த பழைய பேப்பர்களையும் உடைந்த மிக்ஸியையும் எடுத்தேன். கழுவிவிட்டேன். ஒரு மண்பானையும் இரண்டு டம்ளரும் வைத்தேன். கேட்டை இப்போது பகலில் கொண்டி போடுவதில்லை, வீட்டுக் கதவை மட்டும் பூட்டிக்கொள்கிறேன். என் கணவரும் அதற்கு ஒப்புக்கொண்டார். மாடி அறையைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

பாட்டு விஷயம்: நான்கு நாள் பாடியும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் அவரை இடப்பக்கம் புரட்டிக்கொண்டே பாடியபோது, இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லை என்னோடு சேர்ந்து சொன்னார். "வா" இல்லை, வேறு சொல். அவரும் திடுக்கிட்டார்.

நேற்றுக் காலை ஜார்க்கண்டிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், கழுத்தில் கட்டு. நான் ஜெபத்தின் நடுவில் இருந்தேன். அத்தை ஜன்னல் வழியாக, "வா, வா" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தை இடது கையைத் தூக்கினார்.

ஐயா, பேச்சுப் பயிற்சிக்குக் காட்டச் சொன்னீர்களே, வாரத்துக்கு எத்தனை நாள் அழைத்துப்போக வேண்டியிருக்கும்? ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாமா, படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமா?